கண்ணா, கண்ணாடியா?

டெய்லர் எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தபோது அவருடைய தலை முதலில் வந்தது. உடம்பு கொஞ்சம் பின்தங்கி வந்தது. கழுத்து அப்படி முன்னால் நீண்டு வளைந்திருந்தது. கையில் ஒரு பேண்ட். அதை மேசைமேல் குப்புற விரித்துப் போட்டார். பின்பக்கம் இரண்டு பாக்கெட்டுகள். ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. மற்றது முழங்காலை நோக்கிப் பயணம் புறப்பட்டிருந்தது.

“டாக்டரம்மா, இதைப் பாருங்க. மீசை முளைச்ச நாள்லேர்ந்து தைக்கிறேன். இப்படி ஒரு பாக்கெட்டை என் எதிரிக்குக்கூட வச்சதில்லை.”

“நான் டாக்டர் இல்லைங்க,” என்றாள் அம்மா, வழக்கம்போல.

“யாரா வேணா இருங்க. உங்க புதுக் கண்ணாடியில மூக்குக்கு முன்னால எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. என் மேசை என்ன மூக்குக்கு முன்னாலயா இருக்கு? நேத்து பூரா துணிய முகர்ந்துக்கிட்டே தைச்சேன். வீட்டுக்காரி கேக்குறா, துணிக்கு முத்தம் குடுக்கிறீங்களான்னு.”

அம்மா கண்ணாடியை வாங்கி, சுவரில் இருந்த சின்னத் திறப்பு வழியே பின்னறைக்கு நீட்டினாள். முன்னறையில் கண்களைச் சோதிப்பது அம்மா. பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைப்பது அப்பா. நடுவில் இருந்த அந்தத் திறப்பு வழியாகத்தான் தொழில், குடும்பம், சண்டை, சமாதானம் எல்லாம் போய்வந்தன. அப்பா கண்ணாடியைப் பவர் பார்க்கும் கருவியில் வைத்தார்.

“லென்ஸ்ல ஒரு குறையும் இல்லை. அருமையான வேலை,” என்று திறப்பிலிருந்து குரல் வந்தது. செய்தவரே அவர்தான் என்பதால் அந்தப் பாராட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஆனா இது இவரோடது இல்லை. வயலின் டீச்சரோடது.”

டெய்லரின் முகமும் அம்மாவின் முகமும் திறப்பில் தெரிந்த அப்பாவின் பாதி முகமும் ஒன்றாக மூலைப்பக்கம் திரும்பின. கண்ணாடிகளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்த மகன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அந்த நேரம் பார்த்து மின்விசிறிமேல் அளவில்லாத அக்கறை பிறந்தது.

“ஆராய்ச்சி,” என்றாள் அம்மா. “என்ன பண்ணித் தொலைச்சே?”

அது அவன் பெயர் இல்லை. ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினால் உள்ளே விளக்கு உண்மையாகவே அணைகிறதா என்று பார்க்க, ஒருமுறை அக்காவின் போனை வீடியோவில் ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினான். விளக்கு அணைந்தது. போனும் அணைந்தது. அன்றைக்கு அக்கா வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த முறை நடந்தது இவ்வளவுதான். அப்பா ஒரு கறுப்பு ஃபிரேமை மொத்த விலையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டையாக வாங்கிவிட்டார். அதைத் தள்ளிவிடுவதற்காக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதையே மாட்டினார். தெருவே ஒரே குடும்பத்து ஆட்கள் மாதிரி உலாவியது. டெய்லருக்கும் வயலின் டீச்சருக்கும் அதே ஃபிரேம்தான். இருவருக்கும் தூரப் பார்வை நன்றாக இருந்தது. கிட்டத்தில் பார்க்கத்தான் கண்ணாடி. இரண்டையும் பெட்டியில் போடச் சொன்னார்கள். காலை வெயில் எதிர்ப்பக்கக் கடைகள்மேல் விழுந்து தெரு பளபளத்தது. ஆராய்ச்சி சும்மா ஒரு கண்ணாடியை எடுத்துக் கடையின் உள்சுவருக்கு முன்னால் பிடித்தான். சுவரில் ஒரு குட்டி ஜன்னல், தலைகீழாக. அதற்குள் எதிர்க்கடை, தலைகீழாக. ஒரு பஸ் வானத்தைத் தரையாக்கிக்கொண்டு ஓடியது. மற்ற கண்ணாடியை எடுத்தான். அதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் வந்து பிடிக்கவேண்டியிருந்தது. அந்தப் படத்துக்குள் எதிர்க்கடைக்காரர் ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆளை நேராகப் பார்ப்போமே என்று திரும்பினான். மனிதர் ஷட்டரைத் தூக்கும்போது இடது கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஏன் மூடுகிறார்? அதை யோசித்துக்கொண்டே இரண்டு கண்ணாடியையும் இரண்டு பெட்டியில் போட்டான். எது எதில் என்று பார்க்கவில்லை.

“எதிர்க்கடைக்காரரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்மா,” என்று மென்று விழுங்கினான்.

“அவர் கண்ணாடியே போடலையேடா!”

“அதாம்மா பாத்தேன்.”

டெய்லர் தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தார். கழுத்து இடம் கொடுக்கவில்லை.

ஆராய்ச்சியின் புத்தி அந்த வாரம் எங்கும் நிலைகொள்ளாமல் அலைந்ததற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பல்கலைக்கழக விண்ணப்பம் கணினியில் பாதியில் நின்றது. பேர், விலாசம் வரைக்கும் தைரியமாகப் போனவன், ‘விரும்பும் படிப்பு’ என்ற இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டான். ஒன்றுதான் போடலாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அவன் முன்னால் இரண்டு படிப்புகள் இருந்தன. ஆப்டோமெட்ரி ஒன்று, ஒளியியல் ஒன்று. முதலாவது கண்ணைப் பற்றியது, இரண்டாவது கண்ணாடியைப் பற்றியது. வாழ்க்கையில் இரண்டுக்கும் நடுவே இமை நீளம்தான் தூரம். பல்கலைக்கழகத்தில் ஆளுக்கொரு கட்டடம், ஆளுக்கொரு வாசல். ஒன்றில் சேர்ந்தவனை மற்றதில் எட்டிப் பார்க்கக்கூட விடமாட்டார்கள். அம்மா படித்தது முதலாவது. அப்பா படித்தது இரண்டாவது. இரண்டு கட்டடத்துக்கும் பொதுவாக ஒரு கேண்டீன் உண்டு. “உன் விண்ணப்பமே அங்கதான்டா ஆரம்பிச்சுது,” என்பாள் அக்கா.

அப்பாவும் அம்மாவும் கலந்து பேசி, பிள்ளையின் முடிவில் மூக்கை நுழைப்பதில்லை என்று தீர்மானித்திருந்தார்கள். அதைச் சேர்ந்து நின்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரிடமும் நேரான பதில் கிடைக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டான். கண் சோதிக்கும் நாற்காலியில் அவனை உட்காரவைத்து, கருவியை முகத்துக்கு நேரே இழுத்து, லென்ஸை மாற்றிப் போட்டாள். “இது தெளிவா இருக்கா? இல்லை, இதுவா?”

“அம்மா, நான் படிப்பைக் கேட்டேன்.”

“நானும் அதைத்தான் கேட்டேன். இதுவா? இதுவா?”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு.”

“கண்ணை மூடிட்டு மறுபடி பாரு,” என்று எழுந்து போய்விட்டாள்.

அப்பாவிடம் கேட்டான். அப்பா லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைப் போட்டுவிட்டார். அது கர்ரென்று கத்தியது. “என்ன? கேக்கலைடா!” என்று அதற்கு மேலே கத்தினார். இயந்திரத்தில் லென்ஸே இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

அக்காவிடம் கேட்டான். “எந்தக் கட்டடம் கேண்டீனுக்குப் பக்கம்னு பாரு. நம்ம குடும்பத்துக்கு அதுதான் ராசி.”

கடைசியில் பல்கலைக்கழக உதவி எண்ணுக்கே போன் போட்டான். “இரண்டுமே சிறப்பான எதிர்காலம் கொண்ட துறைகள், மாணவரே,” என்றது ஒரு கனத்த குரல்.

“உங்க பிள்ளையா இருந்தா எதுல சேப்பீங்க சார்?”

“இரண்டுமே சிறப்பான எதிர்காலம் கொண்ட துறைகள்.”

பதிவுசெய்த குரலோ என்று சந்தேகம் வந்து, ஆராய்ச்சி ஒரு பொய் இருமல் இருமிப் பார்த்தான். “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாணவரே,” என்றது குரல். ஆள்தான்.

எல்லோரும் இப்படி நழுவியிருந்தால்கூட அவன் ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்பியிருப்பான். அனுப்பவிடாமல் செய்தது ஒரு முப்பட்டகம். அப்பா படிக்கிற காலத்தில் வைத்திருந்த கண்ணாடிக் கட்டை அது. எத்தனையோ காலம் பரணில் கிடந்தது. போன வாரம் அவனுடைய அறை ஜன்னலில், துடைத்த பளபளப்போடு, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் வெயில் அதில் பட்டால் தலையணைமேல் ஏழு நிறமும் விழுந்தது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் அந்த நிறங்கள்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தபோது, ஆப்டோமெட்ரி என்று போட்டால் அப்பாவின் முகம் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறெதையும் அவனால் யோசிக்க முடியவில்லை.

டெய்லரை உட்காரவைத்து டீ வரவழைத்தார்கள். “போ, டீச்சரோட கண்ணாடிய டீச்சர்கிட்ட குடுத்துட்டு, இவரோடதை வாங்கிட்டு வா. வழியில யாரையும் பாக்காதே,” என்று அம்மா விரட்டினாள்.

வயலின் டீச்சரின் வீடு ஒரு மருந்துக்கடைக்கு மேலே. மாணவர்களின் பயிற்சி நேரத்தில் கீழே தலைவலி மாத்திரை நன்றாக விற்கும் என்று கேள்வி. ஆராய்ச்சி படியேறியபோதும் மேலே யாரோ வயலினை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்த டீச்சர் விஷயத்தைக் கேட்டதும், மூக்கின்மேல் இருந்த கண்ணாடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

“தரமாட்டேன்.”

“டீச்சர், அது ஒரு டெய்லருக்குச் செஞ்சது. உங்களோடது இதோ இருக்கு.”

“இருந்துட்டுப் போகட்டும். இந்த மாதிரி ஒரு கண்ணாடிய நான் போட்டதே இல்லை தம்பி. அம்மாகிட்ட சொல்லு, கைராசிக்காரின்னு.”

ஆராய்ச்சியின் காது விடைத்தது. தப்பான கண்ணாடி எப்படிச் சரியாக இருக்கும்?

“டீச்சர், ஒரே ஒரு நிமிஷம். இதைப் போட்டுக்கிட்டு ஏதாவது ஒரு பாட்டு... தாளைப் பாத்து...”

பாடம் கற்க வந்திருந்த பையன் சந்தோஷமாகத் தன் வயலினைப் பெட்டிக்குள் வைத்தான். டீச்சர் தன் கண்ணாடியை வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொண்டு, வயலினைத் தாடையில் அணைத்து, பாட்டுத்தாள் வைக்கும் ஸ்டாண்டைக் காலால் தன் பக்கம் இழுத்தார். எழுத்து தெரிவதற்கு அவ்வளவு கிட்டே வரவேண்டியிருந்தது. வில் நீளமாக ஓடியபோது அதன் முனை ஸ்டாண்டில் டொக்கென்று இடித்தது. மறுபடி டொக். ஆராய்ச்சி குனிந்து பார்த்தான். ஸ்டாண்டின் அந்த ஓரம் முழுக்க எலி கடித்த மாதிரி வடுக்கள்.

“இதெல்லாம்?”

“பழைய கண்ணாடிங்க போட்ட தாளம். எல்லாமே இப்படித்தான் இடிச்சுது. நானும் வயசாச்சு, கை நடுங்குது போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

இப்போது டெய்லரின் கண்ணாடியை மாட்டினார். ஸ்டாண்டைப் பின்னால் தள்ளினார். முதுகு நிமிர்ந்தது. வில் கடைசிவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தது. டொக் இல்லை. கீழே மருந்துக்கடையில்கூடக் கொஞ்சம் அமைதி பரவியிருக்கும்.

“டெஸ்ட் பண்ணும்போது இதை அம்மாகிட்ட சொன்னீங்களா டீச்சர்?”

“அவங்க எழுத்து அட்டையைக் காட்டி, தெரியுதான்னாங்க. தெரிஞ்சுது. தெரியுதுன்னேன். அதுக்கு மேல எதுக்கு அவங்களைத் தொந்தரவு பண்ணணும்?”

ஆராய்ச்சிக்கு விஷயம் பிடிபட்டது. கடையில் அந்த எழுத்து அட்டை கருவியோடு சேர்ந்த ஒரு கம்பியில் தொங்கும்; புத்தகம் பிடிக்கிற தூரத்தில், எல்லோருக்கும் ஒரே இடத்தில். டெய்லர் அன்றைக்கு அதைப் பார்த்ததுமே, ‘நான் என்ன மூக்குலயா துணிய வச்சு வெட்டறேன்?’ என்று கூச்சல் போட்டு, அட்டையைக் கழற்றித் தன் மேசை இருக்கும் தூரத்தில் வைத்துக் காட்டினார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்றார். சண்டை போட்டவருக்குச் சரியான கண்ணாடி. மரியாதை தெரிந்தவருக்குப் புத்தகக் கண்ணாடி.

“டீச்சர், அசையாம நில்லுங்க.”

அளப்பதற்கு எதுவும் இல்லை. வில்லை நோக்கிக் கை நீட்டியபோது டீச்சர் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டான். உட்கார்ந்து வலது ஷூவின் கயிற்றை உருவினான். ஒரு முனையை டீச்சரின் கண்ணோரத்தில் பிடித்து, கயிற்றைத் தாள்வரை இழுத்து, தாளைத் தொட்ட இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டான்.

திரும்பும்போது ஒரு ஷூ கழலக் கழல, காலை இழுத்து இழுத்து நடந்தான். யாரையும் பார்க்காதே என்று அம்மா சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் மருந்துக்கடைக்காரர் மேல்தட்டு மாத்திரையைத் தேடி மோவாயை உயர்த்திக்கொண்டிருந்தார். அதே கறுப்பு ஃபிரேம். ஒரு மெக்கானிக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் அதே ஃபிரேம். கல்லாவில் ஒரு அம்மாள் சில்லறையைக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் உலகம் ஒவ்வொரு தூரத்தில் இருந்தது. கம்பியில் தொங்கிய அட்டை மட்டும் ஒரே இடத்தில் இருந்தது. இவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா? அவரிடம்? அவன் கடையை வந்தடைய இருமடங்கு நேரம் ஆனது.

“கண்ணாடி எங்கடா?” என்றாள் அம்மா.

அவன் ஷூக் கயிற்றை நீட்டினான்.

“இது என்ன?”

“டீச்சரோட தூரம்.”

நடந்ததைச் சொன்னான். டொக் சத்தத்தை வாயால் செய்து காட்டினான். அம்மா சோதனை நாற்காலியில் உட்கார்ந்து, கயிற்றின் முனையைத் தன் கண்ணோரம் பிடித்து, அட்டைவரை இழுத்தாள். முடிச்சு அட்டையைத் தாண்டி வெகுதூரம் தொங்கியது.

“அவங்க சொல்லவே இல்லையே.”

“நீ கேக்கலையேம்மா.”

அம்மாவின் கண்ணில் ஒரு சூடு வந்தது. கயிற்றை இன்னொரு முறை பார்த்தாள். சூடு இறங்கியது.

“கேக்கலை,” என்றாள். “நாளைக்கு அவங்களை ஸ்டாண்டோட, வயலினோட வரச் சொல்லு. அதுவரைக்கும் அதையே போட்டுக்கட்டும்.”

“அப்ப என் கண்ணாடி?” என்றார் டெய்லர், டீக்குள்ளிருந்து.

“சாயங்காலத்துக்குள்ள புதுசு ரெடி,” என்றது திறப்பு.

“சாயங்காலம் வரைக்கும் நான் பாக்கெட்டை எங்க வைக்கிறது?”

“வைக்காதீங்க,” என்று அம்மாவும் அப்பாவும் ஒரே குரலில் சொன்னார்கள். டெய்லர் பேண்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, தலை முதலில் போக, வெளியே போனார்.

அம்மா மகனை ஒரு மாதிரி பார்த்தாள். வாயைத் திறந்தாள். தீர்மானம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள்.

“சொல்லும்மா.”

“நான் ஒண்ணும் சொல்லலை. அப்பாகிட்ட இந்தச் சீட்டைக் குடு.”

டெய்லரின் பவர் எழுதிய சீட்டையும், யாருக்கும் வேண்டாமல் போன டீச்சரின் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி பின்னறைக்குப் போனான். இயந்திரத்தைச் சுற்றி லென்ஸ் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. அப்பா சீட்டை வாங்கினார். பார்த்தார். கையை நீட்டிப் பார்த்தார். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு பார்த்தார். கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் போல் இருந்தது.

“அப்பா, அப்படியே இருங்க. அசையாதீங்க.”

கயிற்றை அப்பாவின் கண்ணோரத்தில் வைத்துச் சீட்டுவரை இழுத்தான். டீச்சரின் முடிச்சையும் தாண்டிப் போனது.

“உங்களுக்கும் கண்ணாடி வேணும்பா.”

“எனக்கா? இந்தத் தெருவுக்கே கண்ணாடி மாட்டினவன்டா நான்.”

“அதான் உங்களுக்கு மாட்ட ஆள் இல்லாம போச்சு.”

கையில் இருந்த கண்ணாடியை அப்பாவின் மூக்கில் வைத்தான். அப்பா சீட்டைக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு தன் விரல்களைக் கிட்டே கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடேயப்பா. இவ்வளவு கீறலா இருக்கு என் கையில?”

அப்புறம் கண்ணாடிக்கு மேலாக மகனைப் பார்த்தார்.

“ஏன்டா, அன்னைக்குச் சுவத்துல ஜன்னல் தலைகீழா விழுந்துதே, நானும் திறப்பு வழியா பாத்தேன். ஒண்ணு கிட்டத்துல, ஒண்ணு தள்ளி. அதுக்கப்புறம் என்ன யோசிச்சே?”

“எப்ப?”

“அப்பதான். படத்தைப் பாத்துட்டு.”

ஆராய்ச்சி நேர்மையாக யோசித்தான். “எதிர்க்கடைக்காரர் ஏன்பா ஷட்டர் தூக்கும்போது இடது கண்ணை மூடிக்கிறார்?”

அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. சீட்டை மேசையில் வைத்து, மடிப்பை நகத்தால் நீவினார். நீவவேண்டிய அளவுக்கு அதில் மடிப்பு இல்லை.

ஆராய்ச்சி ஷூக் கயிற்றை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். இத்தனை நாளும் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த கேள்வி தப்பான கேள்வி என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது. எது நல்லது என்று கேட்டான். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. கேட்கவேண்டியதை, கேட்கவேண்டியவரிடம், கேட்கவே இல்லை. அம்மா டீச்சரிடம் கேட்காமல் விட்ட மாதிரி.

“அப்பா.”

“ம்.”

“நான் அம்மா படிச்சதைப் போட்டா உங்களுக்கு வருத்தமா இருக்குமா?”

அப்பாவின் கை பழக்கதோஷத்தில் இயந்திரத்தின் சுவிட்சை நோக்கிப் போனது. புதுக் கண்ணாடியில் சுவிட்ச் மிகத் தெளிவாகத் தெரிந்திருக்கவேண்டும். விரல் அதன்மேல் போய் உட்கார்ந்தது. திறப்புக்கு அந்தப்பக்கம் அம்மாவின் நாற்காலிச் சத்தமும் நின்றுபோயிருந்தது. ஆராய்ச்சி கர்ரென்ற சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

அப்பா கையை எடுத்துவிட்டார்.

“இருக்கும்டா,” என்றார். “ரொம்பவே இருக்கும். நீ அதையே போடு.”